களர் நிலத்துக்கு ஜிப்சம் வாங்குறதுக்கு முன்னாடி தண்ணிக்கு வழி பாருங்க

திருச்சிக்குத் தெக்க மணிகண்டம் பக்கம் நெலம் வெச்சிருக்கவங்களுக்கு களர்னா என்னன்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. மத்தவங்களுக்காக எழுதுறேன். களர்னா சோடியம் ஏறி இறுகிப் போய் தண்ணி உள்ள எறங்காத மண்ணு, ஜிப்சம்னா அதத் திருத்துறதுக்குப் போடுற, கால்சியம் இருக்குற தாதுப்பொடி. எங்க குடும்பத்துக்கு அங்க ரெண்டரை ஏக்கர் புல்லுக்காடு இருக்கு, தாத்தா காலத்துல இருந்து மாடு அவுத்து விடுறதுக்கும் ஆடு மேய்க்குறதுக்கும் மட்டும்தான். யாரும் அதுல ஏர் ஓட்டல, ஓட்டினவங்களும் ஒரு வருசத்தோட விட்டுட்டாங்க. சென்னையில வேலைய விட்டுட்டு வந்தப்போ மாடு வெச்சு தீவனம் போடலாம்னு அந்த நெலத்துலதான் இறங்கினேன். இப்போ அதுல மேல்பாதியில நெல்லு வருது, கீழ்பாதி இன்னும் புல்லுதான், இனிமேலும் அப்படியேதான் இருக்கும். நடுவுல தெரிஞ்சுக்கிட்டத எழுதி வெச்சா நாலு பேருக்கு ஆகும்.

மொதல்ல அந்த மண்ணு எப்படி இருக்கும்னு சொல்றேன். சித்திரை வைகாசியில போனீங்கன்னா கடப்பாரை எறங்காது, தட்டினா டங்குன்னு சத்தம் வரும், மேல மெல்லிசா பொருக்கு எழும்பி நிக்கும், அங்கங்க சாம்பல் கொட்டினாப்புல வெள்ளையா பூத்திருக்கும், சில எடத்துல அதே பூப்பு கருப்பா எண்ணெய் சிந்தின கணக்கா கறை படிஞ்சிருக்கும். ஐப்பசி மழை பிடிச்சதும் அதே மண்ணு வழவழன்னு சேறாயிடும், மாட்டுக்கு குளம்பு முழுக்க எறங்கும். ஆனா அரையடிக்குக் கீழ தோண்டிப் பாத்தா மண்ணு காஞ்சு கெடக்கும், இதுதான் மொதல் வருசம் எனக்குப் புரியவே இல்ல, மேல கணுக்கால் தண்ணி நிக்குது, கீழ ஈரமே இல்ல. மழை விட்டு பத்து நாள் ஆனாலும் குட்டையில தண்ணி தெளியாது, டீ மாதிரி ஒரு நெறத்துல கலங்கலா நிக்கும். கடைசியில வெயில்ல வத்துமே தவிர மண்ணுக்குள்ள போகாது.

புல்லப் பாத்தாலே நெலத்தோட வரைபடம் கெடைச்சிடும், இதுக்கு எந்த மெஷினும் வேணாம். தண்ணி நிக்குற பள்ளத்துல கோரை. அதவிட நாலு விரக்கடை மேடான எடத்துல அருகம்புல்லு நல்லா படர்ந்திருக்கும். ரெண்டுக்கும் நடுவுல சொட்டை சொட்டையா வெறுந்தரை, அந்த சொட்டைதான் களரோட உக்கிரமான எடம், அதுல சீமைக்கருவேலங்கன்னுகூட குட்டையாத்தான் நிக்கும். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் அரையடிதான் வித்தியாசம், கண்ணுக்குத் தெரியாது. மழைக்காலத்துல ஒரு தடவ குடையப் புடிச்சுக்கிட்டு நெலத்தச் சுத்தி வந்து தண்ணி எங்க தேங்குது எங்க வழியுதுன்னு முளைக்குச்சி நட்டு வெச்சுக்கோங்க, வெயில்காலத்துல லெவல் பாக்கும்போது அந்தக் குச்சிங்கதான் ஒதவுச்சு.

களரா உவரான்னு பிரிச்சுப் பாக்குறது ரொம்ப முக்கியம், ஏன்னா வைத்தியம் வேற. உவர்ல உப்பு ஜாஸ்தி, நல்ல தண்ணிய நிறுத்தி வடிச்சாலே பெரும்பகுதி போயிடும். களர்ல உப்பு கம்மியாத்தான் இருக்கும், ஆனா களிமண் துகள்மேல சோடியம் ஒட்டிக்கிட்டு இருக்கும், அத வெறும் தண்ணி ஊத்தி வெளிய எடுக்க முடியாது. வீட்டுலயே ஒரு சோதனை பண்ணலாம். காஞ்ச மண்ணுல கோலிகுண்டு சைஸ்ல ஒரு கட்டிய எடுத்து கண்ணாடி டம்ளர்ல மழைத்தண்ணியோ பேட்டரிக்கு ஊத்துற தண்ணியோ ஊத்தி அதுல மெதுவா போடுங்க, ஆட்டாதீங்க. கட்டியச் சுத்தி பால் கலந்தாப்புல புகை புகையா கலங்கி மறுநாள் வரைக்கும் தெளியாம இருந்தா அது களர் கொணம். கட்டி ஒடைஞ்சு விழுந்தாலும் தண்ணி தெளிவா இருந்தா அவ்வளவு மோசம் இல்ல, இல்லன்னா உவரா இருக்கலாம். போர் தண்ணியில இத பண்ணாதீங்க, எங்க ஊரு போர் தண்ணியில இருக்குற உப்பே மண்ண கலங்க விடாம வெச்சிரும், நல்ல மண்ணுன்னு நெனச்சு ஏமாந்து போவீங்க. அப்புறம் அந்தக் கலங்கின டம்ளர்ல ஒரு ஸ்பூன் ஜிப்சம் போட்டு கலக்கி வெச்சுப் பாருங்க, கொஞ்ச நேரத்துல கலங்கல் எல்லாம் அடியில படிஞ்சு மேல தண்ணி தெளிஞ்சிடும். எங்க சித்தப்பா ஜிப்சத்த நம்பாத ஆளு, இதப் பாத்துட்டுத்தான் "சரி, ஏதோ இருக்கு போல"ன்னு எறங்கி வந்தாரு.

காரணம் இதுதான். களிமண் துகள்மேல சத்துங்க ஒட்டிக்கிற எடம் நெறைய இருக்கு, பஸ்ல சீட்டு மாதிரின்னு வெச்சுக்கோங்க. நல்ல மண்ணுல அந்த சீட்டுல பெரும்பாலும் கால்சியமும் மெக்னீசியமும் உக்காந்திருக்கும். 100 சீட்டுல 15க்கு மேல சோடியம் புடிச்சிருச்சுன்னா அது களர், லேப்ல இத ஈஎஸ்பின்னு போடுவாங்க. கால்சியம் துகளுங்கள ஒண்ணோட ஒண்ணு இழுத்துப் புடிச்சு குருணை குருணையா வெச்சிருக்கும். சோடியம் தன்னச் சுத்தி தண்ணிய நெறைய சேத்துக்கிட்டு துகளுங்கள தள்ளி வெச்சிரும், தனித்தனியா பிரிஞ்ச துகளெல்லாம் தண்ணியோட எறங்கி கீழ இருக்குற சின்ன ஓட்டைங்கள அடைச்சிரும். தண்ணியும் போகாது, காத்தும் போகாது. டீ கலர் சொன்னேன்ல, அது மண்ணுல இருக்குற மக்கு, அதாவது மக்கிப் போன இலைதழை, கரைஞ்சு வர்றது, பிஎச், அதாவது மண்ணோட காரம், ஏறினா மக்கு கரைஞ்சிரும், அதுவே மேல காஞ்சு கருப்பா படியும். அந்த வெள்ளைப் பூப்பு சோடியம் கார்பனேட் வகையறா, எங்க பாட்டி காலத்துல இத சொரண்டிட்டுப் போய்த்தான் துணி வெளுத்திருக்காங்க, சோப்பு வாங்க காசு ஏது.

அடுத்து குழி. மூணடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டிப் பாக்காம இந்த மாதிரி நெலத்துல ஒரு ரூபாகூட செலவு பண்ணாதீங்க. எங்க குழியில மேல ரெண்டு மூணு விரக்கடை சாம்பக்கலர் மண்ணு, அதுக்குக் கீழ கட்டி கட்டியா நட்டு வெச்ச மாதிரி இறுகிப் போன களி, ரெண்டடியில இருந்து சுக்கான்கல்லு, அதாவது சுண்ணாம்புக் கல்லு. வெளிறின சாம்பல் மண்ணுல துருப்புடிச்சாப்புல ஆரஞ்சுப் புள்ளிங்க இருந்துச்சு, அது இருந்தா அந்த ஆழத்துல வருசத்துல பல நாள் தண்ணி கட்டிக்கிட்டு காத்தில்லாம கெடக்குதுன்னு அர்த்தம். பள்ளத்துல வெட்டின குழியில அது அரையடியிலயே இருந்துச்சு, மேட்டுல ஒன்றரை அடியில. சுக்கான்கல்லா இல்லையான்னு சந்தேகமா இருந்தா பாத்ரூம் கழுவுற ஆசிட் ஒரு சொட்டு விடுங்க, நொரை பொங்கும், கையில படாம பாத்துக்கோங்க. அதே குழியில தண்ணிய நெரப்பி விட்டு மறுநாள் காலையில அளந்து பாத்தா எவ்வளவு எறங்கியிருக்குன்னு தெரிஞ்சிடும், எங்களுக்கு பள்ளத்துல ரெண்டு விரக்கடைகூட எறங்கல.

அந்தக் குழி இன்னொன்னும் காட்டுச்சு. அருகம்புல்லு அடர்த்தியா இருந்த எடத்துல மட்டும் மேல நாலு விரக்கடை மண்ணு கருப்பா பொலபொலன்னு இருந்துச்சு, வேர் போன வழியெல்லாம் தண்ணியும் உள்ள போயிருந்துச்சு. புல்லு வேர் மூச்சு விடுற கார்பன் டை ஆக்சைடு மண்ணு ஈரத்துல சேர்ந்து லேசா புளிப்பாகி சுக்கான்ல இருக்குற கால்சியத்த கொஞ்சம் கொஞ்சமா கரைச்சு விடும், அந்தக் கால்சியம் சோடியத்த சீட்டவிட்டு எழுப்பும். காசு கேக்காத ஜிப்சம்னே சொல்லலாம், என்ன, வருசக்கணக்காகும். பாகிஸ்தான் பஞ்சாப்லயும் அரியானா பக்கமும் களர் நெலத்துல ஒரு வகை புல்லப் போட்டு மண்ண திருத்துறாங்க, கர்னால் புல்லுன்னு அரியானால பேரு, 1969ல ஆரம்பிச்ச, கர்னால்ல இருக்குற மத்திய உவர்நில ஆராய்ச்சி நிலையம் இத ரொம்ப நாளா சொல்லிக்கிட்டு இருக்கு. அதனால புல்லு நிக்குற களர மொத வேலையா டிராக்டர விட்டு பொரட்டிப் போடாதீங்க. ஆழமா பொரட்டினா கீழ இருக்குற மோசமான களி மேல வந்து உக்காந்துக்கும், புல்லு அத்தன வருசமா சேத்த நாலு விரக்கடை மண்ணும் போயிடும்.

மண் பரிசோதனை பத்தி. 2015ல இருந்து மண்வள அட்டை குடுக்குறாங்க, நல்ல விஷயம்தான், ஆனா அதுல பிஎச், ஈசி (கரைஞ்ச உப்போட அளவு), தழை மணி சாம்பல், நுண்ணூட்டம்னு 12 விவரம் வருமே தவிர ஈஎஸ்பி வராது, ஜிப்சம் எவ்வளவு தேவைங்கிறதும் வராது. களர்னு சந்தேகம் இருந்தா அந்த ரெண்டையும் தனியா கேட்டு வாங்கணும். எங்க பக்கத்துலயே நவலூர் குட்டப்பட்டுல அரசு வேளாண் கல்லூரி இருக்கு, அவங்க நெலமே களர்தான்ங்கிறதால இதுல அவங்களுக்கு அனுபவம் ஜாஸ்தி. மேல் மண்ணு மட்டும் எடுத்துட்டுப் போகாம அரையடி, ஒரு அடி, ரெண்டடின்னு தனித்தனி பையில எடுத்துட்டுப் போங்க, சொட்டை மண்ணையும் புல்லு நிக்குற மண்ணையும் கலக்காதீங்க. எங்களுக்கு சொட்டையில பிஎச் 9.4, அருகம்புல்லு எடத்துல 8.7, ஒரே நெலம்தான். ஈசி ரெண்டுலயும் 1க்குக் கீழதான், 4க்கு மேல இருந்தாத்தான் உவர்னு சொல்லுவாங்க. போர் தண்ணியையும் ஒரு பாட்டில்ல குடுத்துடுங்க. ஆர்எஸ்சின்னு ஒண்ணு பாப்பாங்க, தண்ணியில கால்சியம் மெக்னீசியத்துக்கு மிஞ்சி நிக்குற கார்பனேட் அளவு, அது 2.5க்கு மேல போச்சுன்னா அந்தத் தண்ணிய பாய்ச்சப் பாய்ச்ச நல்ல மண்ணும் களராகும், ஜிப்சம் மூட்டைங்கள தொட்டியில போட்டு அது வழியா தண்ணிய விட்டுத்தான் பாய்ச்சணும்.

இப்போ தலைப்புக்கு வர்றேன். எங்க நெலத்துக்கு பக்கத்துக் காட்டுல சில வருசம் முன்னாடி மானியத்துல ஜிப்சம் எறக்கினாங்க, வெள்ளையா கொட்டி எறைச்சு விட்டாங்க, ரெண்டு வருசத்துல மண்ணு பழையபடிதான். அந்த நெலத்துக்கு தண்ணி வெளிய போற வழியே கெடையாது. ஜிப்சத்துல இருக்குற கால்சியம் சோடியத்த எழுப்பி விட்டதும் அது சோடியம் சல்ஃபேட்டா தண்ணியில கரைஞ்சு நிக்கும், அந்தத் தண்ணி வடிஞ்சு நெலத்த விட்டு வெளிய போனாத்தான் கணக்கு தீரும். போகலேன்னா வெயில்ல வத்தி அங்கயேதான் தங்கும். ஜிப்சத்துக்கு ஆகுற காசுல பாதிய வடிகாலுக்கு எடுத்து வைங்க, வடிகால் முடியாத நெலம்னா ஜிப்சத்தையே மறந்துடுங்க, இது என்னோட அழுத்தமான கருத்து.

வடிகால் வெட்டுறது மம்பட்டி வேலைன்னு நெனைப்போம், பாதி வேலை பேச்சுவார்த்தைதான். எங்க தண்ணி ஓடைக்குப் போகணும்னா நடுவுல இன்னொருத்தர் வரப்பத் தாண்டணும். அவரு எனக்கு மாமா முறை. "களர்த்தண்ணிய எங்காட்டுல விட்டு என் மண்ணையும் கெடுக்கப் பாக்குறியா மாப்ள"ன்னாரு, நியாயமான பயம்தான், அத சும்மா தட்டிவிட முடியாது. வரப்போரமா ரெண்டடி ஆழத்துக்கு தனி வாய்க்கா வெட்டி, அவரு நெலத்துல ஒரு சொட்டும் ஏறாம நேரா ஓடையில சேத்தோம், அவரு காட்டுல நிக்குற மழைத்தண்ணியும் அதுலயே வடியும்னு காட்டினதுக்கு அப்புறம்தான் தலையாட்டினாரு. மழை நல்லா பெய்யுறப்போ மட்டும் வடிச்சா ஓடையில தண்ணி கூட போய் உப்பு நீத்துப் போகும், வெயில்காலத்துல தொறந்து விடாதீங்க, கீழ இருக்குறவங்க மாடு அதத்தான் குடிக்கும்.

வெறும் வடிகாலுக்கே நெலத்துல மாத்தம் தெரிஞ்சுது. ஜிப்சம் போடுறதுக்கு முந்தின மழையிலயே மேல்பாதியில தண்ணி நிக்குற நாள் பாதியா கொறைஞ்சு சொட்டை ஓரமெல்லாம் அருகு ஏற ஆரம்பிச்சுது.

அப்புறம்தான் ஜிப்சம். மேல்பாதிக்கு லேப்ல சொன்ன அளவுல பாதி, ஏக்கருக்கு 2 டன். முழு அளவு போட வேணாம், நெல்லு வெக்கிறதா இருந்தா பாதி போதும்னு சொன்னாங்க. நெலத்த 25, 30 சென்ட்டா பிரிச்சு வரப்பு போட்டு, மட்டம் பண்ணி, எறைச்சு, மேலாப்புல மட்டும் கலக்கி விட்டோம். ஜிப்சம் சுலபத்துல கரையாது, ஒரு லிட்டர் தண்ணியில ரெண்டரை கிராம்தான் கரையும், அப்போ 2 டன் கரையணும்னா ஏக்கருக்கு 8 லட்சம் லிட்டர், அதாவது நெலம் முழுக்க 20 சென்டிமீட்டர் உசரத்துக்குத் தண்ணி. போர்ல இத எறைச்சு கட்டுப்படியாகாது, அதனால ஐப்பசி மழைக்கு முன்னாடி போட்டு வெச்சுட்டு மழைத்தண்ணிய நிறுத்தி, நாலஞ்சு நாள் விட்டு வடிச்சு, மறுபடி நிறுத்தி மறுபடி வடிச்சு, இப்படி மழை இருக்குற வரைக்கும் ஓட்டினோம். வேடிக்கை என்னன்னா பெரம்பலூர் பக்கம் காரையில பூமிக்குள்ளயே ஜிப்சம் நரம்பு நரம்பா ஓடுது, இங்க நாம லாரியில எறக்குறோம். ஒரு எச்சரிக்கை, சுண்ணாம்பு போட்டா சரியாயிடும்னு சொல்ற ஆளுங்க இருக்காங்க, அது புளிப்பு மண்ணுக்குப் போடுறது, களர்ல சுண்ணாம்பு தானா அவ்வளவு சீக்கிரம் கரையாது, ஏற்கனவே கீழ சுக்கான்கல்லா அதுதான கெடக்குது.

அடுத்து தக்கைப்பூண்டு, மண்ணுல மடக்கி உழுறதுக்குன்னே வளக்குற பசுந்தாள் உரச்செடி. ஏக்கருக்கு 20 கிலோ விதை, 45 நாள்ல பூ எடுக்குறப்போ மடக்கி உழுதோம். தண்ணி நின்னாலும் களரா இருந்தாலும் தக்கைப்பூண்டு சளைக்காது, அதோட வேரு எறங்குற எடமெல்லாம் தண்ணிக்கு வழி. சித்தப்பாவுக்கு கிடை போட, அதாவது ராத்திரியில ஆட்ட நெலத்துல அடைச்சு புழுக்கைய உரமாக்க, ஆசை, ராமநாதபுரம் பக்கத்துல இருந்து வர்ற ஆட்டுக்காரங்கள கூப்பிட்டு போட்டோம், ஆனா கோடையில மண்ணு காஞ்சு இருக்குறப்போ மட்டும், ஈரத்துல ஆட்டுக்கூட்டம் மிதிச்சா பண்ணின வேலையெல்லாம் போச்சு.

நெல்லுக்கு பொன்னி பக்கம் போகவே இல்ல. களருக்குன்னே நவலூர்ல உருவாக்கின ரகம் இருக்கு, 1995ல திருச்சி 1, 2010ல திருச்சி 3, கடையில டிஆர்ஒய்னு கேட்டா குடுப்பாங்க. நாத்து 30 நாளத் தாண்டினதா பாத்து குத்துக்கு மூணு நாலா கொஞ்சம் நெருக்கி நட்டோம், எளசான நாத்து களர்ல காந்திடும். யூரியா இந்த மண்ணுல பாதி அமோனியாவா காத்துல பறந்துடும், அதனால வழக்கத்தவிட கால் பங்கு கூட போடச் சொல்றாங்க, அதையும் ஒரே தடவையில கொட்டாம பிரிச்சுப் போடணும். மணிச்சத்துக்கு டிஏபிக்கு பதிலா சூப்பர் பாஸ்பேட் போட்டா அதுலயே கொஞ்சம் ஜிப்சம் இருக்கு. துத்தநாகம் கண்டிப்பா போடணும், பிஎச் ஏறின மண்ணுல அது இருந்தாலும் பயிருக்குக் கெடைக்காது, எலையில துரு நெறத்துல புள்ளி வந்து பயிரு குட்டையா நிக்கும். வெளைச்சல் பக்கத்து நல்ல மண்ணு அளவுக்கு இல்ல, ஆனா வீட்டுக்கும் மாட்டுக்கு வைக்கோலுக்கும் ஆகுது. கடைசியா பாத்தப்போ சொட்டை எடத்துல பிஎச் 8.8.

கீழ்பாதி கதை வேற. அங்க ஓடை மட்டத்துக்கும் நெலத்துக்கும் வித்தியாசமே இல்ல, எவ்வளவு வெட்டினாலும் தண்ணி போகாது. சித்தப்பா "அதையும் வயலாக்கிடலாம்டா"ன்னு இன்னும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்காரு. நான் விடல. அது புல்லு நெலம், அத புல்லாவே வெச்சு சம்பாதிக்குறதுதான் புத்தி. கம்பு நேப்பியர் அங்க வராது, தண்ணி நின்னா வேரு அழுகிடும், கொழுக்கட்டைப்புல்லும் அப்படித்தான், அது மேட்டுக்காட்டுப் புல்லு. தண்ணீர்ப்புல்லுதான் புடிச்சுது, எருமைப்புல்லுன்னும் சொல்லுவாங்க. ரெண்டு மூணு கணு இருக்குற தண்டா வெட்டி சேத்துல ஊனி விட்டா போதும், ரெண்டரை மாசத்துல மொத அறுப்பு, அப்புறம் நாப்பது நாப்பத்தஞ்சு நாளைக்கு ஒரு தடவ. வரப்புல அகத்தி. அருகு நல்லா நிக்குற திட்டுங்கள அப்படியே விட்டுட்டேன்.

தண்ணி நிக்குற புல்லுக்காட்டுல மாடு வளக்குறவங்க இதையும் கவனிங்க. அங்க நத்தை இருக்கும், நத்தை இருந்தா ஈரல்ல தட்டைப்புழு வரும், மாடு தின்னும் ஆனா தேறாது, தாடைக்குக் கீழ தண்ணி கோத்து வீங்கும். மழைக்கு முன்னாடியும் பின்னாடியும் டாக்டர்கிட்ட சாணி குடுத்து பாத்து அதுக்கான மருந்து ஊத்துறோம், சாதாரண குடற்புழு மருந்து எல்லாத்துலயும் இது சாகாது. ஆட்டுக்கு நீலநாக்கு நோய் பரப்புற, கொசு மாதிரி இருக்குற சின்னப் பூச்சி சேத்துலதான் முட்டை வெக்கும், அதனால ஐப்பசி கார்த்திகையில ஆட்ட அந்தப் பக்கமே விடுறதில்ல, தடுப்பூசி அதுக்கு முன்னாடியே போட்டுடுவோம். மழைக்காலத்துல மாட்டையும் உள்ள விடாம புல்ல அறுத்து கொண்டாந்துதான் போடுறேன், மாட்டோட குளம்பும் அழுகாது மண்ணும் இறுகாது. களர்ல வெளைஞ்ச புல்லுல துத்தநாகம் மாதிரி சத்துங்க கொறைவாத்தான் இருக்கும், பசு ஒண்ணுக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் தாது உப்புக் கலவை தீவனத்துல சேக்குறேன், சேத்ததுக்கு அப்புறம் சினை புடிக்கிறது ஒழுங்காச்சு.

தண்ணீர்ப்புல்லு கரணை யாருக்காவது வேணும்னா மாசி வரைக்கும் காத்திருக்காதீங்க, தை முடியுறதுக்குள்ள வந்து வெட்டிக்கிட்டுப் போங்க, அதுக்கப்புறம் எங்க பக்கம் மண்ணு இறுகிடும், நான் அடுத்த மழை வரைக்கும் கரணைக்குன்னு அத வெட்ட மாட்டேன்.